ஊக்கம் எப்படிப் பொங்குகிறது?

இட்லி மாவை நம்மால் பொங்க வைக்க முடியாது. ஊற வைப்போம், அரைப்போம், உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைப்போம். அதற்குமேல் நம் கையில் ஒன்றும் இல்லை. உளுந்தோடு ஒட்டி வந்த நுண்ணுயிர்கள், முக்கியமாக லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா, ராத்திரி முழுக்க மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அந்தக் குமிழ்கள் ஓடிப்போகாமல் உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைக்கிறது. காலையில் திறந்து பார்த்தால், பாதிப் பாத்திரத்தில் இருந்த மாவு விளிம்பைத் தொட்டு நிற்கிறது. அந்த உயிர்கள் தம் வேலையைச் செய்யத் தோதான நிலையை உண்டாக்கியது மட்டும்தான் சமைத்தவரின் பங்கு.

வேலையில் மனிதருக்கு வரும் ஊக்கமும் இப்படி உள்ளிருந்து எழுவதுதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஊழியரின் ஊக்கத்தை ஆராய்ந்துவரும் பேராசிரியர்கள் நேர்காணல்களாலும் சோதனைகளாலும் கணக்குகளாலும் தேடிக் கண்டவற்றைத் திரட்டினால் இதுதான் மிஞ்சுகிறது. ஆனாலும் பல மனிதவளத் துறைகள் இன்றும் ஊழியரின் மனத்தைத்தான் திருத்தப் பார்க்கின்றன: உற்சாகப் பேச்சாளரை அழைக்கிறார்கள், மாதத்தின் சிறந்த ஊழியர் என்று படம் மாட்டுகிறார்கள், டார்கெட்டைத் தொட்டால் இன்சென்டிவ் என்கிறார்கள். அந்த மனிதர் செய்யும் வேலை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. மாவு பொங்கும் வழியிலேயே போய், ஊக்கம் எங்கே பிறக்கிறது, எங்கே அமுங்குகிறது என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கலாம்.

பாத்திரம்

முதலில் பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். பழைய மாவு காய்ந்து ஒட்டிய பாத்திரத்தில் புது மாவை ஊற்றினால் வாடை வந்து கெட்டுப்போகும். அதே சமயம், எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்து வைத்தாலும் அந்தச் சுத்தத்தால் மாவு பொங்கிவிடாது. அழுக்குக்குக் கெடுக்கும் சக்தி உண்டு. சுத்தத்துக்குப் பொங்க வைக்கும் சக்தி இல்லை.

இந்த வேறுபாட்டை வேலை உலகில் முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க். 1950களின் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் அவரது குழு நேரில் சந்தித்தது. கேட்டது எளிய கேள்வி: உங்கள் வேலையில் மிகமிக நல்லதாக உணர்ந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கள், மிகமிக மோசமாக உணர்ந்த ஒரு நேரத்தையும் சொல்லுங்கள். பெர்னார்ட் மாஸ்னர், பார்பரா ஸ்னைடர்மன் ஆகியோரோடு சேர்ந்து 1959இல் அவர் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விஷயங்கள் தலைகீழாக வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வந்தவை இரண்டு வேறு பட்டியல்கள். நல்ல நேரங்களில் பேசப்பட்டவை: ஒன்றைச் சாதித்தது, அதைப் பிறர் அறிந்து மதித்தது, வேலையின் சுவை, பொறுப்பு, வளர்ச்சி. மோசமான நேரங்களில் பேசப்பட்டவை: நிறுவனத்தின் விதிமுறைகள், மேற்பார்வை, மேலதிகாரியோடு உறவு, வேலைச் சூழல், சம்பளம். இரண்டாவது பட்டியலுக்கு அவர் வைத்த பெயர் சுகாதாரக் காரணிகள். சுகாதாரம் நோயைத் தடுக்கும்; உடம்புக்கு வலுவைத் தராது.

இதைக் கேட்டு, சம்பளம் முக்கியமில்லை என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். மாதச் சம்பளம் தேதிக்கு வராத இடத்தில், பெண்கள் அச்சமின்றி வேலை செய்ய முடியாத இடத்தில், கழிவறைக்குப் போகக் கேட்டு நிற்க வேண்டிய இடத்தில் ஊக்கத்தைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. முதலில் பாத்திரத்தைத் தேய்க்க வேண்டும். அது ஊழியருக்குச் செய்யும் உபகாரம் இல்லை, அடிப்படைக் கடமை. தேய்த்து முடித்த பிறகு, 'இவ்வளவு செய்தும் ஏன் உற்சாகம் இல்லை?' என்று வருத்தப்படுவதில்தான் அர்த்தமில்லை. மாவு இன்னும் உள்ளே போகவே இல்லை.

அரிசி, உளுந்து, வெந்தயம்

உள்ளே போக வேண்டியது என்ன என்பதை விரிவாகச் சொன்னவர்கள் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹேக்மனும் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கிரெக் ஓல்ட்ஹமும். 1970களின் நடுவில் அவர்கள் ஒரு வினாத்தாளை உருவாக்கி, ஏழு நிறுவனங்களில் 62 விதமான வேலைகளைச் செய்த 658 பேரிடம் கொடுத்து, தங்கள் மாதிரியைச் சோதித்தார்கள். ஒரு வேலையில் பார்க்க வேண்டியவை ஐந்து என்றார்கள். முதல் மூன்றும் சேர்ந்து, 'நான் செய்வதற்கு ஒரு பொருள் இருக்கிறது' என்ற உணர்வைத் தருகின்றன.

ஒன்று, பல திறன்களுக்கு இடம். நாள் முழுக்க ஒரே பொத்தானை அழுத்துபவருக்கும், ஒரு இயந்திரத்தின் பழுதைக் கேட்டறிந்து, பிரித்து, சரிசெய்து, வாடிக்கையாளருக்கு விளக்குபவருக்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டு, முழுமை. ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து, 'இது என் கை பட்டது' என்று காட்ட முடிவது. மூன்று, பயன். இந்த வேலையால் இன்னொருவர் வாழ்க்கையில் ஏதோ நல்லது நடக்கிறது என்று தெரிவது.

உளுந்து சற்றுக் குறைந்தால் கொஞ்சம் வெந்தயத்தைக் கூட்டிச் சமாளிப்பது பல வீடுகளில் உண்டு. அதன் கொழகொழப்பும் குமிழைப் பிடிக்கும். இந்த மூன்றிலும் அந்த விட்டுக்கொடுப்பு உண்டு. மருத்துவமனையில் தரை துடைப்பவரின் வேலையில் வகைவகையான திறன்களுக்கு இடம் குறைவாக இருக்கலாம். ஆனால் நோய்த்தொற்றைத் தடுத்து ஓர் உயிரைக் காக்கும் பயன் அதில் இருக்கிறது. அதை அவர் அறியும்படி செய்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும்.

பயன் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2007இல் உளவியலாளர் ஆடம் கிராண்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் பணி. பெரும்பாலான அழைப்புகளுக்கு மறுப்புதான் பதில். அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படித்த ஒரு மாணவரை ஒரு பகுதியினர் மட்டும் சில நிமிடங்கள் நேரில் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும் திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. சந்திக்காதவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. சம்பளம் கூடவில்லை, பயிற்சி வகுப்பு நடக்கவில்லை. தன் உழைப்பு யாரிடம் போய்ச் சேர்கிறது என்பது ஒரு முகமாகத் தெரிந்தது.

தண்ணீரும் வெதுவெதுப்பும்

அரிசியும் உளுந்தும் வெந்தயமும் கணக்காக இருந்தும் தண்ணீர் இல்லாவிட்டால் அது வெறும் தானியம். தண்ணீர் இருந்தும் வெதுவெதுப்பு இல்லாவிட்டால், அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் வைத்தது வைத்தபடியே கிடக்கும். இந்த இரண்டையும் வேறொன்றால் ஈடுகட்ட முடியாது.

ஹேக்மனும் ஓல்ட்ஹமும் சொன்ன மீதி இரண்டும் இந்த வகை. வெதுவெதுப்பு என்பது சுதந்திரம்: எப்போது, எந்த வரிசையில், எந்த முறையில் செய்வது என்று தானே தீர்மானிக்கும் உரிமை. அது இருந்தால்தான் விளைவுக்குத் தானே பொறுப்பு என்ற உணர்வு வரும். தண்ணீர் என்பது விளைவை அறிதல்: நான் செய்தது சரியாக வந்ததா என்ற செய்தி வேலையிலிருந்தே நேராகத் திரும்பி வருவது. வருடத்துக்கு ஒருமுறை அப்ரைசல் அறையில் கிடைக்கும் மதிப்பெண்ணை நம்பி அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இதை அவர்கள் ஒரு சூத்திரமாகவே எழுதினார்கள். ஐந்து அம்சங்களையும் 1 முதல் 7 வரையான அளவில் மதிப்பிடுங்கள். முதல் மூன்றின் சராசரியை எடுத்து, அதைச் சுதந்திரத்தின் எண்ணாலும் விளைவறிதலின் எண்ணாலும் பெருக்குங்கள். மிகச் சிறந்த வேலைக்கு 7 × 7 × 7, அதாவது 343.

ஒரு வேலையில் திறன் வகை 5, முழுமை 6, பயன் 7 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6. விளைவறிதல் 5. ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் மேலாளரின் அனுமதி வேண்டும், சுதந்திரம் 1. பெருக்கினால் 30தான். இப்போது நிர்வாகம் பெருமுயற்சி எடுத்துத் திறன் வகையையும் முழுமையையும் 7க்கு உயர்த்துகிறது. கணக்கு 35க்கு வருகிறது. அதற்குப் பதிலாகச் சுதந்திரத்தை 1இலிருந்து 4க்கு மட்டும் உயர்த்தியிருந்தால் 120. வேலையின் எந்த இடம் அடைபட்டிருக்கிறது என்று பார்த்து அங்கே கை வைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

காத்திருக்கும் இரவு

அப்படிக் கை வைத்ததற்கு நல்ல உதாரணம் ஹெர்ஸ்பெர்க் 1968இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. லட்சக்கணக்கில் மறுபதிப்பு விற்ற கட்டுரை அது. ஒரு பெரிய நிறுவனத்தில், பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவு. கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நன்கு பயிற்சி பெற்றவர்கள்தான் அதில் இருந்தார்கள். ஆனாலும் சோர்வு. அவர்கள் எழுதிய கடிதத்தை மேற்பார்வையாளர் சரிபார்ப்பார். மேற்பார்வையாளர் பெயரிலேயே போகும். கடிதத்தின் வாசகமும் வார்ப்பில் ஊற்றியதுபோல் ஒரே மாதிரி.

சோதனைக்காக ஒரு பகுதியினருக்கு மட்டும் வேலையை மாற்றினார்கள். அனுபவமுள்ளவர்களின் கடிதங்கள் முழுவதையும் பார்ப்பதை விட்டு, பத்தில் ஒன்றை மட்டும் சரிபார்த்தார்கள். ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு துறைக்கும் அவர்களில் ஒருவரே நிபுணர் ஆனார். சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளரிடம் போகும் முன் அவரிடம் கேட்கலாம். கடிதம் நேராகத் தபால் அறைக்குப் போனது. கேட்டு எழுதிய பங்குதாரரின் நிலை அறிந்து, அவருக்கென்றே பதில் எழுத ஊக்கப்படுத்தினார்கள். தரத்துக்கும் துல்லியத்துக்கும் பதில் எழுதியவரே பொறுப்பு.

நடந்தது உடனடி வெற்றி இல்லை. தொடக்கத்தில் தரம் இறங்கியது. புதுப் பொறுப்பைக் கற்றுக்கொள்ளும் காலம் அது. பிறகு ஏறத் தொடங்கி, சில மாதங்களில் பழைய அளவைத் தாண்டியது. வேலை மீதான விருப்பமும் கூடியது. வேலையை மாற்றாமல் விட்ட பகுதியினரிடம் அந்த ஏற்றம் காணப்படவில்லை.

மார்கழிக் குளிரில் மாவு பொங்க நேரமாகும். நள்ளிரவில் எழுந்து திறந்து பார்த்தால் வைத்தபடியே இருக்கும். அதைக் கண்டு பதறிச் சோடாவைத் தேடுபவர் உண்டு. பல நிறுவனங்களில் நல்ல மாற்றங்கள் அந்தத் தொடக்க இறக்கத்தில்தான் சாகின்றன. எண்கள் இறங்கியதைப் பார்த்த நிர்வாகம், கொடுத்த பொறுப்பைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கப்பட்டவர் அடுத்த முறை நம்பிக்கையோடு கை நீட்ட மாட்டார்.

ஆப்ப சோடா

ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் பொங்காத மாவும் ஒருவிதமாக உப்பும். அந்த உப்பலுக்குப் புளிப்பும் வாசனையும் கிடையாது. நாளைய மாவுக்கு அதில் எதுவும் மிஞ்சாது. மறுபடியும் சோடா வேண்டும்.

1971இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி வெளியிட்ட சோதனை இதைப் பற்றியதுதான். சோமா என்ற கட்டைப் புதிரைச் சேர்க்க மாணவர்களை அழைத்தார். மூன்று அமர்வுகள். இரண்டாவது அமர்வில் ஒரு குழுவுக்கு மட்டும் தீர்த்த புதிருக்கு ஒரு டாலர். ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் ஏதோ காரணம் சொல்லி எட்டு நிமிடம் அறையை விட்டு வெளியே போவார். மேசையில் பத்திரிகைகள் கிடக்கும், புதிரும் இருக்கும். அந்த எட்டு நிமிடத்தில் யாரும் சொல்லாமலே எவ்வளவு நேரம் புதிரில் கை வைக்கிறார்கள் என்பதுதான் உண்மையான அளவீடு. பணம் பெற்றவர்கள், மூன்றாவது அமர்வில் பணம் நின்றதும் முன்பு தொட்ட அளவுக்குக்கூடத் தொடவில்லை. விளையாட்டாக இருந்தது கூலி வேலையாக மாறிவிட்டது.

இதன்மேல் கடுமையான வாதம் நடந்தது. 1994இல் ஜூடி கேமரனும் டேவிட் பியர்ஸும் ஆய்வுகளைத் தொகுத்து, வெகுமதியால் கெடுதல் பொதுவாக இல்லை என்றார்கள். 1999இல் டெசி, ரிச்சர்ட் கெஸ்ட்னர், ரிச்சர்ட் ரையன் மூவரும் 128 சோதனைகளை மறுபடி கணக்கிட்டுப் பதில் சொன்னார்கள்: இதைச் செய்தால் இது கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லித் தரும் பொருள் வெகுமதி உள்ளூக்கத்தைக் குறைக்கிறது, மனம் திறந்த பாராட்டு அதைக் கூட்டுகிறது. டெசியும் ரையனும் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு: தானே தீர்மானிப்பது, திறமையாகச் செய்ய முடிவது, பிறரோடு ஒட்டுறவாக இருப்பது. இந்தத் தேவைகளை நசுக்கும் வகையில் தரும்போதுதான் பணம் கெடுக்கிறது.

சோடாவுக்கும் அதற்கென்று இடம் உண்டு. ரவா இட்லிக்கு அதுதான் சரி. ஸ்டான்ஃபோர்டின் பொருளியலாளர் எட்வர்ட் லசியர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கார்க் கண்ணாடி மாட்டும் சேஃப்லைட் நிறுவனம் மணிக் கூலியிலிருந்து மாட்டிய கண்ணாடிக்குக் கூலி என்று மாறியபோது, ஒருவருக்கான உற்பத்தி 44 சதவீதம் உயர்ந்தது. ஏறக்குறைய பாதி, அதே ஆட்கள் கூடுதலாக உழைத்ததால். மீதியில் பெரும்பங்கு, வேகமாகச் செய்பவர்கள் அங்கே வேலைக்கு வந்து தங்கியதால். எண்ணிக்கை தெளிவு, தரக்குறைவு உடனே வெளிப்படும், ஒருவர் வேலையை ஒருவரே முடிப்பார். அப்படிப்பட்ட வேலைக்கு அந்தக் கூலி பொருந்தும். செவிலியரின் கனிவையும் ஆசிரியரின் பொறுமையையும் நிரல் எழுதுபவரின் சிந்தனையையும் எண்ணிக் கூலி கொடுக்கப் போனால், எண்ண முடிந்தது மட்டும் மிஞ்சும், எண்ண முடியாதது போய்விடும். நாற்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்றும் இதே திசையைக் காட்டியது: அளவைக் கூட்ட வெகுமதி உதவுகிறது; தரத்துக்கு உள்ளூக்கமே பெரிய துணை.

ருசி பார்ப்பது எப்படி?

ஊக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஆய்வாளரின் பாடு பெரும்பாலும் அளப்பதில்தான். ஹெர்ஸ்பெர்க்கின் முறைக்கே வலுவான மறுப்பு வந்தது. 1964இல் உளவியலாளர் விக்டர் வ்ரூம் கேட்டார்: நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் நிர்வாகம் என்று சொல்வது மனித இயல்பாயிற்றே, உங்கள் இரண்டு பட்டியல்களும் அந்த இயல்பின் நிழலாக இருந்தால்? நியாயமான கேள்வி. வேறு முறைகளில் அளந்தபோது, ஹெர்ஸ்பெர்க் சொன்ன அளவுக்குக் கறாரான பிரிவு பல இடங்களில் கிடைக்கவில்லை.

ஹேக்மன், ஓல்ட்ஹம் சூத்திரத்துக்கும் அதே சோதனை. 1987இல் யிட்சாக் ஃப்ரீடும் ஜெரால்ட் ஃபெரிஸும் அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஐந்து அம்சங்களையும் பெருக்குவதைவிட வெறுமனே கூட்டினாலே கணிப்பு நன்றாக வந்தது. மாவில் தண்ணீர் உண்மையிலேயே பூஜ்ஜியமாக முடியும். மனிதர் செய்யும் எந்த வேலையிலும் சுதந்திரம் முழுப் பூஜ்ஜியமாவதில்லை. எவ்வளவு அடைத்தாலும் ஒரு இடுக்கில் தனக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடுகிறார். அம்சங்கள் ஐந்தும் நின்றன, பெருக்கல் நிற்கவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவும் பொருந்தாது: வேலையில் வளர வேண்டும் என்ற விருப்பம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை ஹேக்மனும் ஓல்ட்ஹமுமே தங்கள் மாதிரியில் சேர்த்திருந்தார்கள். பொறுப்பைக் கூட்டும் முன் அவரையே கேட்பது மரியாதை.

ஒருவரை ஒருவர் இப்படி மறுத்து, அளந்து, திருத்திக்கொண்டே வந்த இந்தத் துறையில் அடிப்படை அசையவில்லை. 2007இல் ஸ்டீபன் ஹம்ஃப்ரி குழுவினர் 259 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அவற்றில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். வேலையின் அமைப்பு, அதைச் செய்பவரின் மனநிறைவோடும் ஈடுபாட்டோடும் ஆழமாகப் பிணைந்திருப்பது அங்கேயும் தெரிந்தது.

நாளைக் காலை செய்யக்கூடியது

வேலை நாட்களில் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பங்கை மனிதர்கள் வேலைக்குக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தை உயிரில்லாததாக வடிவமைத்துவிட்டு, உற்சாகம் இல்லை என்று அவர்களையே குறை சொல்வது கொடுமை. உங்களுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்தாலும் அந்த வடிவமைப்பில் உங்களுக்குப் பங்கு உண்டு.

ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவரது மனக்கசப்புகளைக் கேட்டு, தீர்க்கக் கூடியவற்றைத் தீருங்கள். பிறகு அவர் செய்யும் ஒரு வேலையை அவரோடு உட்கார்ந்து தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கெல்லாம் அவர் அனுமதிக்காக நிற்கிறார்? எந்தச் சரிபார்ப்பு இத்தனை ஆண்டுகளில் ஒரு பிழையையும் பிடித்ததில்லை? முடித்த வேலை யாருக்குப் போகிறது, அவர் என்ன சொன்னார் என்பது இவருக்குத் தெரியுமா? இந்த வேலையில் யாருடைய பெயர் இருக்கிறது?

பதில்களில் ஒன்றைத் தேர்ந்து மாற்றுங்கள். ஒரு கையெழுத்தை அவரிடமே விடுங்கள், ஒரு வாடிக்கையாளரை நேரில் சந்திக்க அனுப்புங்கள், ஒரு தேவையற்ற அனுமதியை நீக்குங்கள். முதல் சில வாரங்களில் தவறுகள் வரும் என்று அவரிடமும் உங்கள் மேலதிகாரியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்; வரும்போது பொறுப்பைத் திரும்ப வாங்காதீர்கள். ஆறு மாதம் கழித்து எண்களைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, இந்த வேலையில் அடுத்து எதை மாற்றலாம் என்று அவரிடமே கேளுங்கள். அவரிடம் ஒரு யோசனை தயாராக இருந்தால், அந்த வேலை அவருடையதாகிவிட்டது.